நெரவி வீட்டின் மூன்றாவது ஆள்

நெரவி பள்ளிக்கூடத் தெருவில் முருகானந்தத்தின் வீட்டுக்கு மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தது 2006ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கத்தரிக்காய் கிலோ பன்னிரண்டு ரூபாய் விற்றது. முருகானந்தத்தின் மனைவி சொர்ணாம்பாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கணவர் அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவதில்லை. எட்டிப் பார்த்தாள். கூடத்துப் பெஞ்சில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. ஆணா பெண்ணா என்று அவளால் கடைசிவரை சொல்ல முடிந்ததில்லை. நல்ல உயரம். வெளுத்த நீலத்தில் உடுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போது தெளிவாகத் தெரிகிற முகம், கண்ணை எடுத்துவிட்டால் நினைவுக்கு வராத முகம். படியில் செருப்பு எதுவும் இல்லை. அவள் பயப்படவில்லை, யாரென்று கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் எதையும் கேட்பது மூன்று நாட்களுக்கு முன்புதான் நின்றுபோயிருந்தது. மத்தியானம் இரண்டு தட்டு வைக்கிற இடத்தில் மூன்று தட்டு வைத்தாள்.

பேச்சு நின்ற காரணம் ஊரில் பலருக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் விஷ்ணுப்ரியா, கூடப் படித்த ழெரெமியைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்றாள். ழெரெமியின் குடும்பம் காரைக்காலில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா சைகோனில் பட்டாளத்தில் இருந்தவர். முருகானந்தம் முடியாது என்றார். மகள் புதுச்சேரிக்குப் போய் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, பாரிசுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். முருகானந்தம் எடுத்தார். அம்மா இருக்காங்களா என்று அவள் கேட்டதும், வீட்ல யாரும் இல்ல என்று சொல்லி வைத்துவிட்டார். பத்தொன்பது நாள் கழித்து காரைக்கால் மார்க்கெட்டில் ழெரெமியின் அம்மா ஷந்தால், மீன்கூடைகளுக்கு நடுவே நின்று, ஒளிவு மறைவு இல்லாமல் இதைச் சொர்ணாம்பாளிடம் சொன்னாள். சொர்ணாம்பாள் வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். "போன் வந்துச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எந்த போன்?" என்றார் முருகானந்தம். அதோடு சரி. அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வந்தது.

வந்தது போகவில்லை. காலையில் பெஞ்சில் இருக்கும், மத்தியானம் தட்டின் முன்னால் இருக்கும், சாயங்காலம் டிவிக்கு எதிரே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். தட்டில் வைத்த சோறு குறையாது. ஆனால் எடை பாதியாகிவிடும். கோழிகளுக்குப் போட்டால் அவை தின்றுவிட்டு, பசி அடங்காமல் மறுபடி கொல்லைப்படியில் வந்து நிற்கும். 2009இல் சொர்ணாம்பாளுக்குச் சிக்குன்குனியா வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த பதினோரு நாளும் அது கட்டிலின் கால்மாட்டிலேயே இருந்தது. அவள் அம்மா இறந்து திருநள்ளாற்றில் காரியம் முடித்துத் திரும்பிய பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் அது வந்தது. அவள் வாய்விட்டு அழுதால் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்கும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. அப்படிக் கேட்கிற ஓர் ஆள் தனக்கு அதுவரை வாய்த்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இது தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயம் என்றும் நம்பினாள்.

பேசாமலே குடும்பம் நடந்தது. அரிசி தீர்ந்தால் அவள் காலிப் பையை ஆணியில் மாட்டுவாள், மறுநாள் அது நிறைந்திருக்கும். கரண்ட் பில் வந்தால் ரேடியோவுக்கு அடியில் இருக்கும். முருகானந்தம் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து, ஒரு ஆள் உட்காருமளவு இடத்தை வெறுமனே விட்டு வைப்பார். என் காற்றுகூடப் பட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்தால் பின்னால் யாரோ வருவதுபோல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். அதையும் தன்னைக் குத்திக்காட்டுவதாகவே எடுத்துக்கொண்டாள். 2013இல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு இந்தக் காரியங்கள் நாள் முழுக்க நடந்தன.

இதற்கிடையில், 2008ஆம் ஆண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று காரைக்கால் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எது அவர்களை நன்றாக வைத்திருக்கிறது என்று சாகும்வரை தொடர்ந்து கேட்பதற்கு ஏற்பாடு செய்தது. ஊர்க்காரர்கள் அதற்குச் சந்தோஷ ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். நெரவிக்கும் பூவத்துக்கும் வந்தது ஜவஹர் அலியின் மகள் இஃபாத். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தை மாதம் வருவாள். ரத்த அழுத்தம் பார்ப்பாள், ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொல்வாள், பிறகு ஒரே கேள்விகளைக் கேட்பாள். வீட்டில் எத்தனை பேர். நேற்று யாரோடெல்லாம் பேசினீர்கள். அவசரம் என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள். கடைசியாகப் பத்துப் படி உள்ள ஏணிப் படம் போட்ட அட்டையை நீட்டி, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்பாள். கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது, ஒருவர் பதிலை மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த வீட்டில் அந்த விதியைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது. முருகானந்தத்தை வாசலிலும் சொர்ணாம்பாளைக் கொல்லையிலும் வைத்துக் கேட்பாள். சொர்ணாம்பாள் எல்லா முறையும் ஏழாம் படியில் விரலை வைத்தாள். முருகானந்தம் நான்கு என்பார்.

2018இல் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு இதுவரை தெரிந்ததைச் சொன்னார்கள். பாரிசிலிருந்து வந்த ஆன்-சோஃபி என்ற பெண், தன் பாட்டனாரிடமிருந்து வந்த பழைய தமிழில், ஐம்பது வயதில் ஒருவருக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு, எத்தனை மா நிலம் என்பதைவிட, மனசு விட்டுப் பேச அவருக்கு ஆள் இருந்ததா என்பதுதான் அறுபது வயதில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்கிறது என்றாள். பேச ஆள் இல்லாதவர்களுக்கு உடம்பு சீக்கிரம் தளர்கிறது, நினைவு சீக்கிரம் மங்குகிறது என்றாள். ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இந்த வருஷம் தண்ணீர் எப்போது வரும் என்று அவளிடமே விசாரித்தார்கள். சொர்ணாம்பாள் பெண்கள் பக்கத்திலும் முருகானந்தம் ஆண்கள் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாவது ஆள் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது.

2022 தை மாதம் இஃபாத் கொஞ்சம் சங்கடத்தோடு வந்தாள். பதினான்கு வருடமாக இந்த வீட்டில் கணவனும் மனைவியும் மூன்று பேர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்து அப்படியே குறித்துவந்தாள். இப்போது படிவம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது நபர் யார், வயது என்ன, எழுதி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். வாசலில் முருகானந்தத்திடம் கேட்டு எழுதிக்கொண்டு, கொல்லைக்கு வந்து சொர்ணாம்பாளிடம் கேட்டாள்.

"மூணாவது யாரும்மா? பேரு ஏதாவது சொல்லணும்."

சொர்ணாம்பாள் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பதினைந்து வருடத்தில் யாரும் இதை அவளிடம் கேட்டதில்லை. "பேரெல்லாம் இல்லம்மா. நல்ல வளத்தி. நீலமா உடுத்தியிருக்கும். மூஞ்சி அப்புறம் ஞாபகத்துல நிக்காது. மத்தியானம் மூணாவது தட்டு அதுக்குத்தான் வைக்கிறேன். நீ பைத்தியம்னு எழுதிக்க."

இஃபாத் எழுதவில்லை. எழுதுகோலைப் பிடித்தபடியே இருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்பு வாசலில் எழுதிய நான்கு வரி அதே பக்கத்தில் இருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் முறையாக அவள் விதியை மீறினாள்.

"அம்மா, ஐயாவும் இதையேதான் சொன்னாங்க. நீலம்னாங்க. மூஞ்சி நிக்காதுன்னாங்க. அதுக்கு உக்கார எடம் விட்டு விட்டு, பெஞ்சு ஓரத்துலயே இருந்து இடுப்பு புடிச்சுக்குச்சுன்னாங்க."

போகும்போது வாசலில், மூன்றாவது தட்டு யாருக்காக வைக்கிறார்கள் என்று முருகானந்தத்திடமும் சொல்லிவிட்டுப் போனாள். மகளைச் சொல்லிக்காட்டத்தான் மனைவி தினமும் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள் என்று பதினைந்து வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் முருகானந்தம் சாப்பிட உட்கார்ந்ததும், செம்பை எடுத்து மூன்றாவது டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். சொர்ணாம்பாள் அதைப் பார்த்தாள். அவர் பார்ப்பதையும் பார்த்தாள். இருவரும் எதுவும் பேசவில்லை. பேசினால் அது போய்விடும் என்று இருவருக்குமே தோன்றியிருந்தது. அவளுக்கு அந்தப் பயம் கூடுதலாக இருந்தது. இத்தனை வருடம் தன் பக்கத்தில் இருந்ததை, கணவரோடு பேசுவதற்காகக் கொடுக்க வேண்டுமா என்று பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் யோசித்தாள். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. அந்த இரண்டு மாதமும் முருகானந்தம் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தால் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

பங்குனி மாதம் ஒரு காலை, பத்து மணிக்கு, அவள் அடுப்பில் எண்ணெய் காயவைத்துக் கடுகை எடுத்தபோது, அது வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதுவரை அது யாரையும் தொட்டதில்லை. மழைநாளில் இரவெல்லாம் வெளியே கிடந்த பித்தளைப் பாத்திரத்தின் குளிர்ச்சி. அவள் கடுகைக் கீழே போட்டுவிட்டு, அது இழுத்த பக்கம் கொல்லைக்கு ஓடினாள். அடிபம்புக்குப் பக்கத்தில் முருகானந்தம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவளைக் கூப்பிடத்தான் முயன்றிருக்கிறார். எப்படிக் கூப்பிடுவது என்பது மறந்துபோயிருந்தது.

"என்னங்க," என்றாள் சொர்ணாம்பாள். "என்னங்க, எங்க வலிக்குது?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "சொர்ணம்," என்றார். பிறகு, "நெஞ்சு."

பக்கத்து வீட்டு ரஃபீக்கின் ஆட்டோவில் காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முன்னால் தன் பக்கத்தில் யாரும் இல்லாமலே வண்டி இடப்பக்கமாக இழுத்தது என்று ரஃபீக் பிறகு சொன்னார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பி, இதய ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஒன்பது நாளும் இருவரும் பேசினார்கள். மாத்திரை, உப்பு, தலையணை, ஜன்னல் என்று சின்னச் சின்னப் பேச்சுத்தான். வீட்டுக்கு வந்து கூடத்து விளக்கைப் போட்டபோது, மூன்றாவது ஆள் சொர்ணாம்பாளின் தோள் உயரத்துக்கு வந்திருந்தது.

முருகானந்தம் ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் எழுதியவர். ஒரு பென்சிலை எடுத்து அதன் உயரத்தை நிலைக்கட்டையில் குறித்து, தேதியும் போட்டார். அடுத்த வாரம் குறி இரண்டு விரல் இறங்கியது. அதற்கடுத்த வாரம் நான்கு விரல். சித்திரையில் ஒரு முறை, ஒருவரும் சொல்லிக்கொள்ளாமலே, நான்கு நாள் பேசாமல் இருந்து பார்த்தார்கள். குறி மேலே ஏறியது. ஐந்தாம் நாள் சொர்ணாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"பேசுனா கொறையுதுங்க."

"தெரியுது."

"காபி, மாத்திரை மட்டும் பேசிக்கலாம். மத்தது வேண்டாம்."

"அப்படி எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?"

"இருந்தோம்ல," என்றாள். பிறகு குரல் இறங்கி, "நீங்க இல்லாத நேரத்துல எல்லாம் அதுதாங்க இருந்துச்சு எனக்கு."

"நான் எங்க போனேன்? இங்கதானே இருந்தேன்."

அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். முருகானந்தம் காபியை ஆறவிட்டு, "எனக்கும் அதுதான் இருந்துச்சு," என்றார்.

பேச்சை அளந்து பேசினாலும் அது குறைந்துகொண்டுதான் வந்தது. வயிற்று வலி, சம்பா விதை, ரஃபீக் மகள் கல்யாணம் என்று ஏதாவது வாயில் வந்துவிடும். ஒரு நாள் பூனை பால் சட்டியில் தலையை மாட்டிக்கொண்டு கூடத்தில் ஓடியதைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று மட்டும் ஒரு சாண் இறங்கியது. ஆனி மாதத்தில் அது ஆறு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே குறி இறங்கவில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியும். ஒரு விஷயம் மட்டும் இன்னும் பேசப்படாமல் இருந்தது. முருகானந்தம் இரண்டு முறை ஆரம்பித்தார். இரண்டு முறையும் சொர்ணாம்பாள், இன்னிக்கு வேண்டாங்க என்று எழுந்து போய்விட்டாள்.

விஷ்ணுப்ரியா பல வருடமாக ஞாயிறு தோறும் சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மாவின் செல்போனுக்குக் கூப்பிடுவாள். அந்த நேரத்தில் முருகானந்தம் வயலுக்குப் போய்விடுவார். வயலில் வேலை இல்லாத மாதத்திலும் போய் வரப்பில் உட்கார்ந்திருப்பார். ஆனி கடைசி ஞாயிறு அவர் போகவில்லை. போன் அடித்தது. சொர்ணாம்பாள் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. அதற்குள் மகளின் குரல் போனில், "அம்மா, இருக்கியா?" என்றது. அவள் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"விஷ்ணு," என்றார். "அப்பா பேசுறேம்மா. அன்னிக்கு போனை எடுத்தது நான்தான். வீட்ல யாரும் இல்லன்னு சொன்னேன். ரெண்டு பேரும் இருந்தோம். உங்கம்மா கொல்லையில துணி காயப்போட்டுட்டு இருந்தா. கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பா. நான் கூப்பிடல. அவ கேட்டப்ப, எந்த போன்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிறுமி பிரெஞ்சில் ஏதோ கேட்பதும், கதவு சாத்தப்படுவதும் கேட்டது. பிறகு விஷ்ணுப்ரியா, "தெரியும்ப்பா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட குடுங்க," என்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் அப்பாவைக் கேட்டு வாங்கிப் பேசினாள்.

சொர்ணாம்பாள் போனை வாங்கிக் காதில் வைத்தபோது, படியில் இருந்தது எழுந்து நின்றது. உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டது. இன்னிக்கு என்ன சமையல் என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். கண்ணுக்கு முன்னால் அது படியிறங்கியது. போனை வைத்துவிட்டு ஓடினால் பிடித்துவிடலாம். சொர்ணாம்பாள் நகரவில்லை. "வாழைப்பூ வடை போட்டேன்டி," என்றாள். வாழைப்பூவை எப்படி ஆய்ந்தாள், கிழக்கு வரப்பில் எந்த மரத்துப் பூ என்று முழுவதும் சொல்லி முடித்தாள். பேசி வைத்த பிறகு தெருமுனை வரை போய்ப் பார்த்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். திரும்பி வரும்போது வெறுங்காலோடு வந்திருப்பது தெரிந்து, நடுத்தெருவில் நின்று அழுதாள். முருகானந்தம் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு எதிரே வந்தார்.

2024 தை மாதம் இஃபாத் வழக்கம்போல் வந்தாள். அவளுக்கும் இப்போது கண்ணாடி போட வேண்டியிருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு முருகானந்தம் இரண்டு என்றார். சொர்ணாம்பாள் கொஞ்சம் தாமதித்து இரண்டு என்றாள். நேற்று யாரோடு பேசினீர்கள் என்றதற்கு இருவரும் பட்டியல் சொல்லி அவள் கையை வலிக்க வைத்தார்கள். முருகானந்தத்தின் கைப்பிடி முந்தைய முறையைவிட வலுத்திருந்தது. ஏணி அட்டையில் அவர் எட்டாம் படியைத் தொட்டார். சொர்ணாம்பாள் வெகுநேரம் பார்த்துவிட்டு ஆறாம் படியில் விரல் வைத்தாள்.

"அம்மா, போன தடவையெல்லாம் ஏழு சொன்னீங்க. இப்ப ஐயாவோட பேசுறீங்க, பேத்தி வேற வந்துட்டுப் போயிருக்கு. தப்பா வச்சிட்டீங்களா?"

"தப்பா வைக்கல. வீட்டை விட்டு ஒரு ஆளு போயிருக்கும்மா. எப்படி ஏழுன்னு சொல்றது?"

பாரிசிலிருந்து ஆன்-சோஃபி இந்த எண் சரிதானா என்று பிறகு கேட்டு எழுதினாள். சரிதான் என்று இஃபாத் பதில் போட்டாள்.

பையை மூடும்போது இஃபாத் தயங்கினாள். இந்தப் பெண்மணியிடம் ஒரு முறை விதியை மீறியாயிற்று. பூவத்தில் சோமசேகரன் என்று ஒருவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றும், போர்வெல் மோட்டாரைப் பற்றிய தகராறில் ஒரு வருடமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை என்றும், போன முறை வரை ஏழு பேர் என்று சொன்ன வீட்டில் இந்த முறை அண்ணனும் தம்பியும் தனித்தனியாக எட்டு பேர் என்றார்கள் என்றும் சொன்னாள்.

சொர்ணாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். "நீலமா?"

"நீலம்தாம்மா."

"வளந்திருக்கா?"

"பெரியவர் தோளுக்கு வருதாம்."

சொர்ணாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டு, பூவத்துல இருக்காங்க என்று செய்தி சொன்னாள். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து நிலைக்கட்டையில் சாய்ந்து நின்றார். பிறகு அவள் இஃபாத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சோற்றிலேயே மோரை ஊற்றிவிடக் கூடாது, தனியாகக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அமாவாசையன்று அதற்கு இருமல் வரும், பயப்பட வேண்டியதில்லை. இஃபாத் பூவத்துப் படிவத்தை எடுத்து, குறிப்புகள் என்ற கட்டத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"மோரு தனியான்னு போட்டியா?"

"போட்டேன்."